காய்ச்சல் இறங்கிய நாளில்தான் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தோம்: உடலின் நோயெதிர்ப்பு உண்மையில் என்ன செய்கிறது?

செங்காங் வாசகி (இழையைத் தொடங்கியவர்) – திங்கள், இரவு 9.40

வணக்கம். சென்ற வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிவப்பு டெங்கிப் பதாகையைக் கட்டிவிட்டுப் போனார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பார்த்ததிலிருந்து, 2020ஆம் ஆண்டு ஜூலையில் என் தாயார் டெங்கியால் படுத்திருந்த நாள்கள் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகின்றன.

நான்கு நாள்கள் கடுமையான காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை உடம்பு குளிர்ந்துவிட்டது. தப்பித்தோம் என்று எண்ணி ரசம் சோறு கரைத்துக் கொடுத்தோம். அன்று மாலையே வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கி, கைகால்கள் சில்லிட்டுப் போயின. இரவு மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு நாள்கள் நாளத்தின் வழியே திரவம் ஏற்றினார்கள். நல்லபடியாகத் திரும்பி வந்தார்.

அதற்கு முன் அம்மாவுக்கு டெங்கி வந்ததே இல்லை. அதனால் உறவினர்கள் அனைவரும், "எதிர்ப்புச் சக்தி குறைந்துபோயிருக்கிறது, அதனால்தான் முதல் முறையே இப்படித் தாக்கியது" என்று முடிவுகட்டிவிட்டார்கள். பதாகைச் செய்தியைக் கேட்ட என் பெரியம்மா, சக்தியைக் கூட்டும் மாவு ஒரு டப்பா வாங்கி இப்போது அனுப்பியிருக்கிறார். எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. ஒரு வைரஸ் உள்ளே வந்திருப்பதை உடல் எப்படி அறிகிறது? காய்ச்சல் இறங்கிய பிறகு நோய் முற்றியது ஏன்?


ஆய்வுக்கூடத்தார் – திங்கள், இரவு 11.15

நான் மருத்துவர் அல்லன். பல ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுபவன். முதல் கேள்விக்கு இன்று எழுதுகிறேன்; இரண்டாவதற்கு மேலும் சில செய்திகள் தேவைப்படும்.

நோயெதிர்ப்பு என்றவுடன் ரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளை அணுக்களைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் வைரஸை முதலில் கண்டுகொள்வது, பெரும்பாலும், அது புகுந்த செல்லேதான். வைரஸால் தானாகப் பெருக முடியாது; செல்லுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் ரைபோசோம்களைக் கொண்டே தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்ள வேண்டும். டெங்கி வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 10,700 எழுத்துகள் நீளமுள்ள ஓரிழை ஆர்என்ஏ. அதிலிருந்து கிடைப்பவை 10 புரதங்கள் மட்டுமே. இவ்வளவு சிறிய சரக்கோடு வரும் வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும்போது தவிர்க்க முடியாத ஒரு தடயத்தை விட்டுவிடுகிறது: ஈரிழை ஆர்என்ஏ. நம் செல்லின் சைட்டோபிளாசத்தில் நீளமான ஈரிழை ஆர்என்ஏ இருப்பதற்குக் காரணமே இல்லை.

அதைத் தேடுவதற்கென்றே ரிக்-ஐ, எம்டிஏ5 என்னும் இரண்டு புரதங்கள் அங்கே காத்திருக்கின்றன. பிடித்ததும் அவை மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பில் உள்ள மேவ்ஸ் என்ற புரதத்துக்குச் செய்தி சேர்க்கின்றன. அங்கிருந்து உட்கரு வரை செய்தி போய், இன்டர்ஃபெரான் மரபணுக்கள் திறக்கின்றன. செல் வெளியிலிருந்து விழுங்கியவற்றைச் செரிக்கும் சிறு பைகளில் வேறு சில காவலர்கள் உண்டு. டோல் வகை ஏற்பிகள் என்பார்கள். அவற்றில் 3ஆம் எண் ஈரிழை ஆர்என்ஏவையும், 7ஆம் 8ஆம் எண்கள் ஓரிழை ஆர்என்ஏவையும் உணர்கின்றன. டோல் என்ற பெயர் பழ ஈயிடமிருந்து வந்தது. அந்த மரபணு கெட்டுப்போன ஈக்கள் பூஞ்சைத் தொற்றில் மடிவதை ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர் 1996இல் காட்டினர். இரண்டு ஆண்டுகளில் புரூஸ் பாய்ட்லர் எலியிடம் அதன் உறவுப் புரதத்தைக் கண்டறிந்தார். இருவருக்கும் 2011இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இன்டர்ஃபெரானின் கதை அதைவிடப் பழையது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மன் ஆகிய இருவரும் கோழிமுட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளை, வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுவென்சா வைரஸுடன் ஊறவைத்தார்கள். பிறகு அந்த நீரை மட்டும் எடுத்துப் புதிய சவ்வில் இட்டபோது, உயிருள்ள வைரஸால் அதில் பெருக முடியவில்லை. அந்த நீரில் இருந்ததுதான் இன்டர்ஃபெரான். பாதிக்கப்பட்ட செல் அதைச் சுரப்பது தன்னைக் காத்துக்கொள்ள மட்டுமன்று. அதைப் பெற்ற அண்டைச் செல்கள், வைரஸ் இன்னும் வராத நிலையிலேயே, புரதத் தயாரிப்பை நிறுத்தும் நொதியையும் ஆர்என்ஏவை வெட்டும் நொதியையும் தயாராக்கி வைத்துக்கொள்கின்றன. உடல்வலி, சோர்வு, பசியின்மை என்று நாம் "நோய்" எனச் சொல்லும் பலவும் வைரஸின் வேலையன்று. இந்த எச்சரிக்கையின் விளைவு.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – செவ்வாய், காலை 7.05

நல்ல விளக்கம். இரண்டு ஐயங்கள்.

முதலாவது, சொல்லைப் பற்றியது. "எதிர்ப்புச் சக்தி" என்ற சொல்லே நம்மை வழிதவறச் செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சக்தி என்றால் கூடும், குறையும். கூட்டுவதற்கு ஒரு மாவும் குறைந்ததற்கு ஒரு பழியும் உடனே கிடைத்துவிடும். நீங்கள் எழுதியதில் வலிமையைப் பற்றிய பேச்சே இல்லை. அடையாளம் காண்பதைப் பற்றித்தான் இருக்கிறது. (நான் சிறுவயதில் இலங்கைப் பாடநூல் ஒன்றில் ஆன்டிபாடிக்குப் "பிறபொருளெதிரி" என்று படித்தேன். நாவுக்குக் கடினம்தான், ஆனால் பிறபொருள் எது என்று அறிவதே முதல் வேலை என்பதை அந்தச் சொல் மறைக்கவில்லை.)

இரண்டாவது, பொருளைப் பற்றியது. வைரஸின் ஆர்என்ஏவும் நம் ஆர்என்ஏவும் ஒரே நான்கு எழுத்துகளால் ஆனவைதாமே? ஈரிழையாக இல்லாத நேரத்தில் எப்படிப் பிரித்தறிகிறது?


ஆய்வுக்கூடத்தார் – செவ்வாய், பிற்பகல் 1.20

ஐயா, உங்கள் முதல் கருத்துக்கு நான் முழுமையாக உடன்படுகிறேன். இரண்டாவது கேள்வி ஆய்வாளர்களையே நெடுங்காலம் அலைக்கழித்தது.

எழுத்துகள் ஒன்றுதான், முத்திரை வேறு. நம் செல் தயாரிக்கும் தூது ஆர்என்ஏவின் தொடக்க முனையில் ஒரு வேதி மூடி பொருத்தப்பட்டிருக்கும். மூடியில்லாமல் மூன்று பாஸ்பேட்டுகள் வெளியே தெரியும் முனையைத்தான் ரிக்-ஐ பிடிக்கிறது. அதோடு, நம் ஆர்என்ஏவின் எழுத்துகள் சில தயாரிப்புக்குப் பின் சிறிதளவு திருத்தப்படுகின்றன. ஆய்வுக்கூடத்தில் செய்த ஆர்என்ஏவைச் செல்லுக்குக் கொடுத்தால் அது ஏன் வைரஸைக் கண்டதுபோல் கொதிக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடிய கட்டலின் கரிக்கோவும் டுரூ வைஸ்மனும், யூரிடின் என்ற எழுத்துக்குப் பதிலாக அதன் சற்றே மாறிய வடிவமான சூடோயூரிடினைப் பயன்படுத்தினால் அந்தக் கொதிப்பு அடங்குகிறது என்று 2005இல் காட்டினார்கள். கொவிட்-19க்கு நாம் போட்டுக்கொண்ட எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நின்றன. 2023இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. டெங்கி தன் ஆர்என்ஏவுக்குத் தானே மூடி போட்டுக்கொள்கிறது. படியெடுக்கும் வேலையைச் செல்லின் சவ்வை மடித்துச் செய்த சிறு அறைகளுக்குள் ஒளித்து வைக்கிறது. அதன் என்எஸ்5 புரதம், இன்டர்ஃபெரான் செய்தியை உட்கருவுக்குக் கொண்டு செல்லும் ஸ்டாட்2 என்ற மனிதப் புரதத்தைச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. காவலர் கூவுகிறார், ஊருக்குக் கேட்பதில்லை. சில நாள்கள் கழித்தே நமக்குக் காய்ச்சல் தெரிவதற்கும், அதற்குள் வைரஸ் ரத்தத்தில் நிறைந்துவிடுவதற்கும் இந்த இடைவெளி ஒரு காரணம்.


ஓய்வுபெற்ற தாதி – செவ்வாய், மாலை 6.45

தங்கை, உங்கள் அம்மாவின் கதையைப் படித்தபோது அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. டெங்கி நோயாளியின் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நாங்கள் கட்டிலருகே அதிகம் நிற்போம்.

காய்ச்சல் என்பது வைரஸ் மூட்டும் தீயன்று. மேக்ரோஃபேஜ் முதலிய அணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின் வகைப் புரதங்கள் மூளையின் ஹைப்போதாலமஸுக்குச் செய்தி அனுப்ப, அங்கே புரோஸ்டாகிளாண்டின் உருவாகி, உடலின் வெப்ப அளவுகோல் உயர்த்தி வைக்கப்படுகிறது. ரத்தத்தில் வைரஸ் குறையும்போது அந்த அளவுகோல் மீண்டும் இறங்குகிறது. ஆகவே வெப்பமானி காட்டுவது உண்மைதான்: வைரஸ் குறைந்துவிட்டது. ஆனால் டெங்கியில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, சரியாக அந்த வேளையில், சிலருக்கு நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்கும். இந்த நிலை ஒன்று அல்லது இரண்டு நாள்கள் நீடிக்கும். அதைச் சரியாகக் கடக்க உதவினால் பெரும்பாலோர் எழுந்து நடந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் குடும்பத்தார் எப்போதும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையே கேட்பார்கள். பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து கொடுப்பதும் அதற்காகத்தான். நாங்கள் அதைவிட அதிகம் கவனித்தது ஹீமட்டோகிரிட் அளவை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதை. ரத்தம் கெட்டியாகிக்கொண்டே போனால் நீர் கசிகிறது என்று பொருள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக்கசிவு, தலைசுற்றல், அளவுகடந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஐபூபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் அறவே வேண்டாம்.


செங்காங் வாசகி – செவ்வாய், இரவு 10.10

நன்றி, அக்கா. வைரஸ் குறைந்த பிறகு குழாய் ஏன் கசிய வேண்டும் என்பதுதான் இன்னும் புரியவில்லை. எதிரி போன பின்னும் அடிவிழுந்தால், அடிப்பது யார்?


ஆய்வுக்கூடத்தார் – புதன், இரவு 12.30

சரியான கேள்வி. அதற்கு இரண்டாம் படையை அறிமுகப்படுத்த வேண்டும்.

முன்பு சொன்னவை அனைத்தும் பிறவியிலேயே அமைந்தவை; எந்த வைரஸ் என்று அவை கேட்பதில்லை. எந்த வைரஸ் என்று கேட்பவை டி செல்களும் பி செல்களும். கொசு கடித்த இடத்தில் தோலில் இருக்கும் டென்ட்ரைட்டிக் செல்கள் வைரஸின் துண்டுகளைச் சுமந்துகொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே கோடிக்கணக்கான டி, பி செல்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவ ஏற்பியுடன், காத்திருக்கின்றன. பொருந்தக்கூடிய மிகச் சிலவே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுகின்றன. இதற்கு நாள்கள் பிடிக்கும்.

கொல்லும் டி செல்லால் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை நேரே பார்க்க முடியாது. ஒவ்வொரு செல்லும் தான் உள்ளே தயாரிக்கும் புரதங்களின் துண்டுகளை எம்எச்சி என்ற தாங்கியில் வைத்து வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் புரதத்தின் துண்டு அதில் தெரிந்தால் டி செல் அந்தச் செல்லையே அழிக்கிறது. துண்டை மட்டும் கண்டால் போதாது, சொந்த உடலின் தாங்கியோடு சேர்த்துக் காண வேண்டும் என்பதை பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் கான்பராவில் 1970களின் முற்பகுதியில் எலிகளிடம் கண்டறிந்து, 1996இல் நோபெல் பரிசு பெற்றார்கள். சில வைரஸ்கள் தப்புவதற்காக அந்தத் தாங்கியையே கீழே இறக்கிவிடும். அப்படி வெறுமையாக நிற்கும் செல்லைக் கொல்வதற்கு இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று இன்னொரு வகை உண்டு. காட்டினாலும் ஆபத்து, காட்டாவிட்டாலும் ஆபத்து.

பி செல்கள் வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை, சுரக்கின்றன. முதலில் வருவது ஐஜிஎம்; பிறகு, நாள்கள் செல்லச் செல்ல மேலும் இறுகப் பொருந்தும் ஐஜிஜி. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்து, சில நினைவுச் செல்களாக எஞ்சுகின்றன.

இனி டெங்கிக்கு வருவோம். டெங்கியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு நெடுங்காலப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களே. அதன் பிறகு வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. எதிர்ப்பொருள் ஒட்டிய எதையும் விழுங்குவது மேக்ரோஃபேஜ் போன்ற அணுக்களின் வழக்கம். டெங்கியோ அந்த அணுக்களுக்குள்தான் நன்கு பெருகும். பிடித்த காவலரே வைரஸை அதற்கு வேண்டிய அறைக்குள் கொண்டுபோய் விடுகிறார். பெருக்கம் கூடுகிறது, வைரஸின் என்எஸ்1 புரதம் ரத்தத்தில் நிறைகிறது, அதை அழிக்க வரும் எதிர்வினையும் அதே அளவுக்குப் பெரிதாகிறது. என்எஸ்1 புரதமும், டி செல்களும் மேக்ரோஃபேஜ்களும் கொட்டும் சைட்டோகைன்கள் என்னும் செய்திப் புரதங்களும் சேர்ந்து ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்துகின்றன. அடிப்பது யார் என்று கேட்டீர்கள். பெரும்பகுதி நம் ஆள்தான்.

ஸ்காட் ஹால்ஸ்டெட் 1960களில் பாங்காக்கில் குழந்தைகளைக் கவனித்து இந்தக் கருத்துக்கு வந்தார். கடுமையான டெங்கி இரண்டு கூட்டத்தாரிடம் மிகுந்திருந்தது: இரண்டாம் முறை தொற்றிய சிறுவர்கள், முதல் முறையே தொற்றிய, ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகள். கைக்குழந்தைக்கு ஏன்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தேய்ந்து, காக்கப் போதாமலும் முற்றிலும் மறையாமலும் இருக்கும் மாதங்கள் அவை. கியூபா இன்னொரு சான்று. அங்கே 1977இல் முதல் வகையும் 1981இல் இரண்டாம் வகையும் பரவின. 1997இல் சாந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் தலைகாட்டியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெரியவர்கள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தொற்றின் எதிர்ப்பொருளைச் சுமந்தவர்கள்.


ஜூரோங் பொறியாளர் – புதன், காலை 8.15

அப்படியென்றால் எதிர்ப்பொருள் இல்லாமல் இருப்பதே நல்லது என்றாகிவிடுகிறதே? தடுப்பூசிக்கு எதிராகப் பேசுபவர்கள் இந்தப் பதிவை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.


ஓய்வுபெற்ற தாதி – புதன், காலை 9.30

ஆய்வுக்கூடத் தம்பி ஒன்றை விட்டுவிட்டார், நான் சேர்க்கிறேன். இரண்டாம் தொற்று வந்த அனைவருக்கும் கசிவு ஏற்படுவதில்லை. மிகச் சிலருக்கே ஏற்படுகிறது. முதல் தொற்றிலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வயது, நீரிழிவு போன்றவையும் இதில் சேரும். அதை எழுதாவிட்டால், ஒருமுறை டெங்கி வந்தவர்கள் அனைவரும் அச்சத்தில் உறங்க மாட்டார்கள்.


ஆய்வுக்கூடத்தார் – புதன், பிற்பகல் 1.05

அக்கா சொல்வது சரி, திருத்தத்தை ஏற்கிறேன்.

பொறியாளருக்கு: சிக்கல் எதிர்ப்பொருளில் இல்லை, அதன் அளவிலும் பொருத்தத்திலும் இருக்கிறது. நிகராகுவாவில் பல ஆண்டுகள் பின்தொடரப்பட்ட குழந்தைகளைப் பற்றிய 2017ஆம் ஆண்டின் ஆய்வில், நடுத்தர அளவு எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கே ஆபத்து கூடியிருந்தது. அளவு உயர்ந்திருந்தவர்கள் பாதுகாக்கப்பட்டார்கள். டெங்வாக்சியா தடுப்பூசியிலும் இதே பாடம்தான் கிடைத்தது. சிங்கப்பூரில் அதற்கு 2016இல் அனுமதி வழங்கப்பட்டது. மறு ஆண்டு, முன்பு டெங்கி வராதவர்கள் அதைப் போட்டுக்கொண்டால் பின்னால் வரும் தொற்று கடுமையாகக்கூடும் என்று தயாரிப்பாளரே அறிவித்தார். முதல் தொற்றின் இடத்தைத் தடுப்பூசி எடுத்துக்கொண்டது என்று புரிந்துகொள்ளலாம்.

டெங்கியைப் பார்த்து எல்லா வைரஸையும் எடைபோடவும் கூடாது. 2003இல் இங்கே சார்ஸ் 238 பேரைத் தாக்கி 33 பேரைக் கொண்டுபோனது. மீண்டவர்கள் சிலரின் ரத்தத்தை இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2020இல் சோதித்தபோது, 17 ஆண்டுகள் கழித்தும் சார்ஸை நினைவில் வைத்திருந்த டி செல்கள் இருந்தன. அவை கொவிட் வைரஸின் ஒரு புரதத்தையும் அடையாளம் கண்டன. அங்கே பழைய நினைவு கைகொடுக்கக்கூடிய நினைவு.

பெரியம்மாவின் மாவைப் பற்றி ஒரு சொல். டெங்கிக் கசிவில் நடப்பது மந்தமன்று, மிகை. அது உண்மையிலேயே எதிர்வினையைக் கூட்டும் மாவாக இருந்தால் ஐந்தாம் நாளில் அதைக் கொடுக்க நான் அஞ்சுவேன். நல்லவேளையாக அது பெரும்பாலும் வெறும் மாவாகத்தான் இருக்கும்.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – புதன், மாலை 5.50

ஓர் இடம் உதைக்கிறது. வாசகியின் தாயாருக்கு அதுதான் முதல் டெங்கி என்கிறார்கள். அப்படியானால் நீங்கள் சொன்ன பழைய எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது?


ஆய்வுக்கூடத்தார் – புதன், இரவு 8.20

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா. அக்கா சொன்னதுபோல் முதல் தொற்றாகவும் இருந்திருக்கலாம். ஆனால் டெங்கி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. "வந்ததே இல்லை" என்பதற்கு "தெரிந்ததே இல்லை" என்றும் பொருள் இருக்கலாம்.

வாசகி, 2020ஆம் ஆண்டின் ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தால், ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். முதல் தொற்றில் ஐந்தாம் நாளளவில் ஐஜிஎம் தலைகாட்டும். ஐஜிஜி அப்போது இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். நினைவுச் செல்கள் முன்பே இருந்தால் ஐஜிஜிதான் முந்திக்கொண்டு, வேகமாக உயரும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்தாலும் இந்தக் கணக்குக் குழம்பும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


செங்காங் வாசகி – வெள்ளி, இரவு 9.55

அம்மா எதையும் வீசாதவர் என்பதால் அறிக்கை பிஸ்கட் டப்பாவிலேயே இருந்தது. மருத்துவமனையில் சேர்த்த இரவு எடுத்தது: என்எஸ்1 இருக்கிறது, ஐஜிஎம் இல்லை, ஐஜிஜி இருக்கிறது. தடுப்பூசி எதுவும் போட்டுக்கொண்டதில்லை என்கிறார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, முன்பு எப்போதாவது காரணம் தெரியாத காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, 2005இல் தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் பெரியம்மா வீட்டில் பலகாரம் செய்ய உதவிக்குப் போயிருந்தபோது, மூன்று நாள்கள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலியும் காய்ச்சலும் இருந்ததாகச் சொன்னார். பனடால் விழுங்கிவிட்டு முறுக்குச் சுட்டாராம். அடுப்படிச் சூட்டால் வந்த காய்ச்சல் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார்.


ஆய்வுக்கூடத்தார் – வெள்ளி, இரவு 10.30

2005இல் சிங்கப்பூரில் 14,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. மேலோங்கியிருந்தது முதல் வகை. 2020இல் 35,000 பேரைத் தாண்டியபோது இரண்டாம், மூன்றாம் வகைகள் பரவியிருந்தன. முறுக்குக் காய்ச்சல் டெங்கிதான் என்று இப்போது யாராலும் உறுதிகூற முடியாது. ஆனால் ஐந்தாம் நாள் ஐஜிஜி, அம்மாவின் உடல் 2020க்கு முன்பே டெங்கியைச் சந்தித்திருக்கிறது என்றே சொல்கிறது.


செங்காங் வாசகி – வெள்ளி, இரவு 10.50

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் எனக்குச் சக்தி குறையவில்லை, ஞாபகசக்திதான் கூடிப்போய்விட்டது என்று உன் பெரியம்மாவிடம் சொல்" என்றார். மாவு டப்பா இன்னும் பிரிக்கப்படவில்லை.